முடியைக் கண்டால் நாயைக் காணோம்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பக்கெட். வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, சோம்பேறிகள். கம்ப்யூட்டரில் படம் வரைகிற மென்பொருளில் நிறம் நிரப்ப ஒரு கருவி உண்டு. அதன் அடையாளம், சாய்த்து ஊற்றுகிற ஒரு குட்டி வாளி. யாரோ கோடு போட்டு வைத்த படத்துக்குள் அந்த வாளியைக் கொண்டுபோய் ஒரு தட்டு தட்டினால், எல்லை வரைக்கும் நிறம் பரவி நிற்கும். ஒன்பது வருடமாக அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சோப்பு உறையில் சிரிக்கும் குழந்தையின் கன்னம், பாடப் புத்தகத்து யானையின் சாம்பல், பிஸ்கட் டப்பாவின் வானம் எல்லாம் அவள் ஊற்றியது. தானும் ஒரு நாள் வரைவோம் என்று நினைத்துத்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஒரு நாள் வருகிற வழியில் எங்கோ டீ குடிக்க நின்றுவிட்டது போலிருக்கிறது.

கோடு போடுகிறவர் மாஸ்டர். அவளைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் அவளை 'நீ' என்பார். திறமைசாலிதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் திறமையோடு அவசரமும் சேர்ந்தே பிறந்த ஆள். முதலாளிக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'அப்புறம்'. என்ன கேட்டாலும் அதுதான் பதில். குழாய் ஒழுகுகிறது என்றாலும் அப்புறம், நாற்காலி உடைந்துவிட்டது என்றாலும் அப்புறம்.

புதிதாகக் கட்டியிருந்த விலங்கு மருத்துவமனை ஒன்றின் நுழைவாயில் சுவருக்குப் படம் கேட்டு வந்தார்கள். நாய், பூனை, ஆடு, கழுதை என்று நான்கு. ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். உயிரோடு நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். மாஸ்டர் முதலில் நாயைப் போட்டார். அதைப் பார்க்க டாக்டரம்மாவே நேரில் வந்தார். ஐம்பதைத் தாண்டிய, முழங்கை வரை பூனைக் கீறலும் நாய்க் கடித் தழும்புமாக இருந்த பெண்மணி. திரைக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றிப் பார்த்தார்.

"இது என்ன?"

"நாய் மேடம்," என்றார் முதலாளி.

"நாயா? வாசல்ல போடற மிதியடிக்கு மூக்கு வெச்ச மாதிரி இருக்கு."

மாஸ்டரின் முகம் சுருங்கிப்போனது. டாக்டர் அதையெல்லாம் பார்க்கிற ரகமில்லை. திரையில் விரலை வைத்துக் காட்டினார். "இதோ, இந்த அஞ்சாறு முடி. இதே முடி தோள்லயும் இருக்கு, வயித்துலயும் இருக்கு, வால்லயும் இருக்கு. அப்புறம், நாய்க்கு நெஞ்சுல ஒரு சுழி இருக்கும். கழுத்துலேர்ந்து வர்ற முடியும் கீழேர்ந்து வர்ற முடியும் அங்கதான் வந்து முட்டிக்கும். உங்க நாய்க்குச் சுழியே இல்லையே?"

அவர் சொன்னது சரி. மாஸ்டர் பயன்படுத்தியது மென்பொருளிலேயே இருக்கிற முடி பிரஷ். ஒரு இழுப்பு இழுத்தால் கொத்தாக முடி வந்து விழும், அடுத்த இழுப்புக்கும் அதே கொத்துதான். சுவருக்குக் காகிதம் ஒட்டுகிற மாதிரி நாய்க்கு முடி ஒட்டியிருந்தார்.

"இன்னொரு தடவை காட்டுங்க," என்று டாக்டர் எழுந்தார். "அதுவும் சரியில்லன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் மாஸ்டர் வெடித்தார். "நாய்க்குச் சுழி பார்க்கறதுக்கு நான் என்ன மாட்டுத் தரகனா? என்னால ஆகாது சார். ஆளை விடுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், நான் வரையட்டுமா?"

பக்கெட்தான். சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"நீயாம்மா?" என்று முதலாளி கண்ணைச் சிமிட்டினார். "அப்புறம் பார்க்கலாம்."

"அப்புறம்னா எப்ப சார்? ஒன்பது வருஷமா அப்புறம்தான் சொல்றீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி அவளையும் பார்த்தார், வாசலையும் பார்த்தார். மாஸ்டர் கைவிட்டாயிற்று, வேறு ஆளும் இல்லை. "சரி. ஒரே ஒரு தடவை. ஆனா இப்பவே சொல்லிட்டேன். இது தேறலன்னா, வரையறேன்னு இந்த ஆபீஸ்ல நீ இனிமே வாயைத் திறக்கக் கூடாது. கடைசி வரைக்கும் நிறம்தான். சம்மதமா?"

"சம்மதம் சார்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவள் கணவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுக் கேட்டு வீட்டிலும் இரண்டு பங்கு சத்தமாகத்தான் பேசுவான். "சபாஷ்! மயிரைக் கட்டி மலையை இழுக்கறே. வந்தா மலை, போனா மயிரு. இது நிஜமாவே மயிருதானே, உனக்கென்ன நஷ்டம்?"

"போனா மயிரு மட்டும் இல்லைங்க, வாயும் போயிடும்," என்றாள் அவள். "இனிமே கேக்கவே முடியாது."

அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அவள் நோட்டு ஓரங்களிலும் மளிகைக் காகிதத்திலும் கிறுக்குவதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவன்தான். "அப்ப ஜெயிச்சிடு," என்றான். பஸ் ஓட்டுகிறவர்கள் வளவளவென்று பேசுவதில்லை.

மாதிரிக்கு நாய் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மாடியில் குடியிருந்த நாத்தனாரிடம் ஒன்று இருந்தது. மூக்கைச் சுற்றி நரைத்துப்போனதால் அதற்குத் தாத்தா என்று பெயர். பழுப்பும் வெள்ளையுமாக, கழுத்தில் அடர்த்தியான பிடரி. அது கொட்டுகிற முடி மூன்று வீட்டுக்குப் போதும். பஸ் டிரைவரின் காக்கிச் சட்டையில், சாம்பார் கரண்டியில், நாத்தனார் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் கறுப்புப் புடவையில் எல்லாம் தாத்தாவின் கையெழுத்து இருக்கும். "அண்ணி, வேணுங்கற அளவுக்கு எடுத்துக்கோங்க," என்றாள் நாத்தனார். "பாதி முடி உங்க படத்துல ஒட்டிக்கிட்டாலும் எனக்குப் பெருக்கற வேலை மிச்சம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாத்தா மாடி ஜன்னலுக்குக் கீழே வெயிலில் உட்கார்ந்திருந்தது. அவள் எதிரே சப்பணமிட்டு, வரைபலகையை மடியில் வைத்துக்கொண்டு, மின்பேனாவை எடுத்தாள். முதலில் அடிப்படை போட வேண்டும், அதாவது முடிக்கு அடியில் கிடக்கிற உடம்பின் வெளிச்சமும் நிழலும். அடிப்படைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று பெரிய பிரஷாக எடுத்துக்கொண்டாள். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தாத்தா ஒரு நாயாகத் தெரியவில்லை. வெயில் பட்ட இடம், படாத இடம், கழுத்தில் மடிந்து பிளந்து நிற்கிற இருட்டு, நெஞ்சில் எதிரும் புதிருமாக முட்டுகிற சுழி என்றுதான் தெரிந்தது. அதையெல்லாம் கை போன போக்கில் இழுத்தாள். பேச்சும் சிரிப்புமாக இருந்தாள். நாத்தனார் கொண்டுவந்து வைத்த காபி ஆறுவதற்குள் அடிப்படை முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது.

இந்த மென்பொருளில் படம் ஒரே தாளில் இருப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கின மாதிரி இருக்கும். லேயர் என்பார்கள். அடியில் ஒன்றில் உடம்பு, மேலே ஒன்றில் கண்ணும் மூக்கும், அதற்கும் மேலே இன்னொன்று. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண் படம் இருக்கும். அந்தக் கண்ணைத் தட்டி மூடினால் அந்த லேயர் மறைந்துவிடும். திறந்தால் திரும்பி வரும். லேயர்களைச் சேர்த்து வைக்கிற ஃபோல்டருக்கும் அதே மாதிரி ஒரு கண் உண்டு. அவள் அடிப்படையின் மேல் 'முடி' என்று ஒரு ஃபோல்டர் திறந்தாள். மாஸ்டர் கொத்தாகப் போட்டுத் தோற்றார் அல்லவா, நாம் ஒவ்வொன்றாகப் போடுவோம் என்று முடிவு செய்தாள்.

நிஜமாகவே ஒவ்வொன்றாகப் போட்டாள். காதின் நுனி திரை முழுக்கத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு, ஊசி முனை பிரஷால், வேரிலிருந்து நுனி வரைக்கும், ஒரு முடி. பக்கத்தில் இன்னொரு முடி. வாரங்கள் ஓடின. விரல் மரத்துப்போனது. சோறு பிசையும்போது கூட ஆள்காட்டி விரல் பேனா பிடிக்கிற மாதிரியே வளைந்திருந்தது. "நாய்க்கு முடி நட்டு விவசாயம் பண்றியா?" என்று கணவன் கேட்டான். அவள் அடுத்த முடியை நட்டாள்.

ஒரு நாள் மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். "கஷ்டப்பட்டிருக்கே பக்கெட்டு," என்றார். கிண்டல் இல்லாமல்தான் சொன்னார். "ஆனா ஏதோ ஒண்ணு..." என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஏதோ ஒன்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முடியும் அழகு. முழுப் படத்தையும் பார்த்தால், மின்சாரம் தாக்கின தென்னந்துடைப்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. என்ன குறை என்று பிடிபடவில்லை. முடி போதவில்லை போலிருக்கிறது என்று மேலும் போட்டாள். பாவம், வேறு என்ன செய்வாள்? உழைப்பில் குறை வைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை.

அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. மூக்குக்குப் பக்கத்தில் ஒரு நிழல் சரியில்லை என்று பட்டது. மேலே முடி மறைத்துக்கொண்டிருந்ததால் ஃபோல்டரின் கண்ணை மூடிவிட்டு நிழலைத் திருத்தினாள். அந்த நேரம் பார்த்து முதலாளி தலையை நீட்டி, "அனுப்பியாச்சா? அச்சகத்துல மூணு தடவை கேட்டுட்டாங்க," என்றார். இந்த மனிதருக்கு அன்றைக்கு மட்டும் அப்புறம் என்கிற வார்த்தை மறந்துபோயிற்று. பதற்றத்தில் அவள் அப்படியே சேமித்து, அப்படியே அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தலையை முழுக்கப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் துணியில் அச்சடித்த பெரிய சுருள் வந்து இறங்கியது. டாக்டரும் வந்தார். மேஜைகளை ஒதுக்கிவிட்டு இரண்டு பேர் சுருளைச் சுவரோடு தூக்கிப் பிடித்து மேலேயிருந்து கீழே விரித்தார்கள். காது வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது.

முடி வரவில்லை.

வாரக்கணக்காக நட்ட முடியில் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காபி ஆறுவதற்குள் போட்ட அடிப்படை மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. ஃபோல்டரின் கண்ணைத் திறக்க மறந்தது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். டாக்டர் பக்கத்தில் நின்றதால் தலைமுடியைக் கோதுகிற மாதிரி மாற்றிக்கொண்டாள்.

டாக்டர் கிட்டே போனார், பின்னால் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இதுதான்," என்றார். "வெயில்ல உக்கார்ந்திருக்கு. கொஞ்சம் வயசாச்சு. குளிச்சு ரெண்டு நாள் ஆச்சு. கழுத்துல கை வெச்சா சூடா இருக்கும். இதோ பாருங்க, சுழி! மீசையை மட்டும் காணோம். மறந்துட்டீங்களா?"

முதலாளியின் முகம் மலர்ந்து விரிந்தது. "நம்ம ஆபீஸ்ல எப்பவுமே—" என்று ஆரம்பித்தார்.

"டாக்டர்," என்றாள் அவள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவளால் முடியவில்லை. "இது தப்பா வந்த பிரிண்ட். இதுல முடியே இல்லை. முடி போட்டது வேற."

"முடி இல்லையா? காட்டுங்க."

அவள் திரையில் ஃபோல்டரின் கண்ணைத் திறந்தாள். துடைப்பம் திரும்பி வந்தது. டாக்டர் திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நாயைக் கண்டா கல்லைக் காணோம்னு சொல்வாங்க. இங்க முடியைக் கண்டா நாயைக் காணோமே! எனக்கு அந்தச் சுவர்ல இருக்கறதுதான் வேணும். மீசை மட்டும் வெச்சுடுங்க. பாக்கி மூணும் இதே மாதிரி."

தேறிவிட்டது. அவளுக்கு அது உறைப்பதற்குள் முதலாளி அடுத்த அடி கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம் மேடம். முடி போடாம விட்டாத்தான் நல்லா வருதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு. மாஸ்டர், பாக்கி மூணையும் நீங்களே சட்டுன்னு முடிச்சுடுங்க. இந்தப் பொண்ணுக்குத் தெரியாம நடந்தது, அதிர்ஷ்டம். அதையே நம்பிக்கிட்டு இருக்க முடியுமா?"

அவள் காதில் விழுந்தது அதிர்ஷ்டம் என்கிற ஒரு சொல்தான். வேறு எதற்கும் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. காது மடல் சூடேறியது.

"சார், கண்ணை மூடி அனுப்பினது தெரியாம நடந்தது," என்றாள். "அந்த நாயை வரைஞ்சது தெரியாம நடக்கலை. அதை நான்தான் வரைஞ்சேன். என் கையாலதான் வரைஞ்சேன்."

"இல்லம்மா, அது வெறும் அடிப்படைதானே..."

"வெறும் அடிப்படையைத்தான் இவங்க நாய்ங்கறாங்க. கழுதையை இப்பவே போடறேன். இங்கயே, எல்லாரும் பாருங்க. வரலன்னா நானே எழுந்து போயிடறேன்."

முதலாளியின் உதடு அப்புறம் என்று குவியத் தொடங்கியது. டாக்டர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்குச் சாயந்தரம் வரைக்கும் ஆபரேஷன் இல்லை. கழுதை போட்டோ என் போன்லயே இருக்கு, கால் அடிபட்டு வந்தது. போடுங்கம்மா."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இடது கை பழக்க தோஷத்தில் விசைப்பலகைக்குப் போனது. இந்த வேலை செய்கிறவர்களுக்கு வலது கையில் பேனா, இடது கை இரண்டு பட்டன்களின் மேல். ஒன்று பெரிதாக்க, இன்னொன்று போட்ட கோட்டை அழித்துப் பின்னால் போக. அந்த இடது கைதான் தன்னைக் காதின் நுனிக்குள் இழுத்துப்போய்ப் பூட்டிவைத்தது என்பது அவளுக்கு இப்போது விளங்கியது. அதைத் தூக்கித் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"பின்னால போற பட்டன் இல்லாமயா?" என்று மாஸ்டர் கேட்டார். குரலில் நிஜமான பயம் இருந்தது. கயிறு இல்லாமல் கிணற்றில் இறங்குகிறவளைப் பார்த்த மாதிரி.

அவள் பெரிய பிரஷை எடுத்தாள். சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு நிறத்தை அப்பி, கழுதையின் உடம்பைத் திட்டாக வைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. சாக்கு மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. முதலாளி தொண்டையைச் செருமினார். அவள் திரும்பவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இடது பக்கம். அது முதுகில் எங்கே வழுக்குகிறது, வயிற்றின் வளைவில் எங்கே நின்றுபோகிறது? அங்கே இருட்டை வைத்தாள். முடி ஒன்றொன்றாக வளர்ந்தாலும் ஒன்றொன்றாக நிற்பதில்லை, கொத்தாகச் சாயும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் பிளவு விழும். முடியை விட்டுவிட்டு அந்தப் பிளவை மட்டும் வரைந்தாள். கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முன்னங்காலுக்கு, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்குகிற போக்கில் பிரஷை இறக்கினாள்.

"வயித்துக்கிட்ட முடி நீளமா இருக்கும், சிக்கு விழுந்திருக்கும்," என்றார் டாக்டர் மெல்ல. "முதுகுல குட்டை. மூக்கு பக்கம் வெல்வெட்டு மாதிரி, கிட்டத்தட்ட முடியே இல்லாத மாதிரி."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு இடத்தில் பேனா வழுக்கி, தோளில் வெள்ளையாக ஒரு கீற்று விழுந்தது. அடியில் கிடந்த இடது கை துள்ளியது. அதை அழுத்தி உட்கார்ந்தாள். கீற்றை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அதன் கீழே ஒரு இருட்டைக் கொடுத்தாள். கழுதை தோளைச் சிலிர்த்து ஈயை விரட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

"அடேயப்பா!" என்று மாஸ்டர் தன்னையறியாமல் சொன்னார். அவர் எப்போது அவ்வளவு கிட்டே வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

நடுநடுவே அவள் எழுந்து அறையின் கதவு வரைக்கும் போய், திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து உட்காரும்போதெல்லாம் இடது கையை மறக்காமல் தொடைக்கு அடியில் செருகினாள். கடைசியாக ஊசி முனை பிரஷ். இத்தனை நாள் ஆயிரக்கணக்கில் நட்டவள், இப்போது ஒரு முடி வைக்கவும் யோசித்தாள். உடம்பு முடிந்து வெளி தொடங்குகிற விளிம்பில் சில. காதின் உள்ளே, வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற இடத்தில் சில. பிடரியிலிருந்து துருத்திக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்காமல் நிற்கிற ஒன்றிரண்டு. கண் அந்த நாலைந்தைப் பார்த்துவிட்டு, மீதியைத் தானே போட்டுக்கொள்ளும். கண்ணுக்கும் கொஞ்சம் வேலை வைத்தால்தான் அது நம்பும்.

பேனாவைக் கீழே வைத்தாள். "முடிஞ்சுது."

"இன்னும் கொஞ்சம் முடி போடலாமேம்மா," என்றார் முதலாளி. "பெரிய சுவராச்சே. கஞ்சத்தனம் பண்ணின மாதிரி..."

"போதும் சார்."

ஒன்பது வருடத்தில் அவள் அவரிடம் போதும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். தொடைக்கு அடியிலிருந்து எடுத்த இடது கை மரத்துப்போய், இரத்தம் ஓடி, ஊசி ஊசியாகக் குத்தியது. அதுகூட அவளுக்குச் சுகமாக இருந்தது.

டாக்டர் எழுந்து நின்றார். "பாக்கி ரெண்டும் இவங்கதான் வரையணும். வேற யார் கை வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சு போயிடும்." இதை முதலாளியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாஸ்டர் ஒரு முறை செருமினார். இன்னொரு முறை செருமினார். "அந்த வயித்துச் சிக்கு," என்றார். "அந்த இருட்டுக்கு என்ன நிறம் எடுத்தீங்க?"

எடுத்தே என்று சொல்லவில்லை, எடுத்தீங்க என்றார். அவள் கவனித்தாள். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டு, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, "இப்படி வாங்க, காட்டறேன்," என்றாள்.

அன்று சாயந்தரம் கணவன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே ஏறி வீட்டுக்குப் போனாள். டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, "மலை வந்துடுச்சுங்க," என்றாள். அவன் எதிரே யாருமே வராத தெருவில் நீளமாக ஒரு ஹாரன் அடித்தான். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து திட்டினார். திட்டட்டும்.

பூனைக்கும் ஆட்டுக்கும் கண்ணை உறுத்துகிற அளவுக்கு ஒரு முடியும் அவள் போடவில்லை. நான்கும் சுவரேறின. திறப்பு விழாவுக்கு நாத்தனார் தாத்தாவைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்தாள். தாத்தா தன் படத்தை ஏறிட்டும் பார்க்காமல், போகிற வருகிறவர்கள் காலில் இடறும்படி வாசலில் படுத்துத் தூங்கியது. அதுவும் ஒரு விமர்சனம் என்று கணவன் சொன்னான். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

மழைக்காலம் தொடங்கின பிறகு ஒரு நாள் டாக்டரிடமிருந்து முதலாளிக்குப் போன் வந்தது. "உங்க படத்துல ஒரு பிரச்சினை. வந்து பாருங்க." முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. சாயம் போய்விட்டதா, துணி கிழிந்துவிட்டதா என்று வழி நெடுகப் புலம்பிக்கொண்டே அவளையும் கூட்டிக்கொண்டு ஓடினார். அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

டாக்டர் இருவரையும் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். நாயின் கழுத்தில், சுழிக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு அழுக்கு படிந்திருந்தது. கழுதையின் நெற்றியிலும் இருந்தது. ஆட்டின் விலாவில் குழந்தைகள் உயரத்துக்குச் சின்னச் சின்னதாக, ஒன்றின் மேல் ஒன்றாக.

"வர்றவங்க எல்லாம் தடவிட்டுப் போறாங்க," என்றார் டாக்டர். "தொடாதீங்கன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கறதில்லை. யாரும் வேணும்னு பண்ணலை, அவங்களுக்கே தெரியலை."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூடையில் பூனையோடு ஒரு மனிதர் வந்தார். மழையில் நனைந்திருந்தார். பூனைக்கு என்ன ஆகுமோ என்கிற கவலை அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. உள்ளே கூப்பிடுகிறார்களா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற நாயின் கழுத்தை ஈரக் கையால் இரண்டு தட்டு தட்டிக்கொடுத்தார். தட்டினதை அவர் கவனிக்கவே இல்லை. பெயரைக் கூப்பிட்டதும் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

முதலாளி கைக்குட்டையை எடுத்துவிட்டார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம். இன்னிக்கே ஆள் விட்டுத் துடைச்சுடறேன். மேல ஒரு கண்ணாடி போட்டுட்டா ஒருத்தரும் தொட முடியாது."

"கண்ணாடி போட்டீங்கன்னா," என்றாள் அவள், "நானே வந்து உடைப்பேன் சார்."